குறைந்த கேள்வியின் விலை: இலண்டன் கவுண்டிச் சபையும் ஒப்பந்த முறையும்

நகரசபைகள் பத்திரிகைகளில் வெளியிடும் கேள்விப்பத்திர அறிவித்தல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. வடிகால் அமைத்தல், தெருச் செப்பனிடல், சீருடை வழங்கல் என அவை நாளாந்தம் வெளிவருகின்றன. கடைசி வரியில், மிகக் குறைந்த கேள்வியையோ வேறெந்தக் கேள்வியையோ ஏற்றுக்கொள்ளச் சபை கடமைப்பட்டதன்று என்ற வாசகமும் தவறாது இடம்பெறும். 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் கொழும்பிலும் கண்டியிலும் மாநகரசபைகள் தோன்றிய காலந்தொட்டு, பிரித்தானிய நகராட்சி மரபோடு வந்து சேர்ந்த நடைமுறை இது. அதனை நாம் வெறும் நிர்வாக நுட்பமாகவே நோக்கிப் பழகிவிட்டோம். ஊழலற்ற அதிகாரிகள், முத்திரையிட்ட உறைகள், பகிரங்கமாகத் திறக்கப்படும் பெட்டி ஆகியன அமைந்துவிட்டால் முறை செவ்வையாக இயங்கும் என்பதே பொதுவான நம்பிக்கை. உறைக்குள் இருக்கும் தொகை எவ்வாறு குறைந்தது என்ற வினாவை அந்த நம்பிக்கை எழுப்புவதில்லை.

அவ்வினா ஒரு நகரசபையின் மேசைமீதே வைக்கப்பட்ட ஒரு காலகட்டம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இலண்டனில் அது நிகழ்ந்தது. நம்மிடம் வந்த முறையின் தாயகத்தில், அம்முறைக்கு எதிராகவே நடந்த அந்தப் பரிசோதனையை ஓரளவு விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

1855ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மாநகர வேலைகள் சபை, கவுண்டிச் சபைக்கு முன்னர் இலண்டனின் பொது வேலைகளைக் கவனித்து வந்தது. அதன் உறுப்பினரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யவில்லை. கீழ்மட்டப் பங்குச் சபைகளே அவர்களை அனுப்பின. நகரின் மாபெரும் கழிவுநீர்க் கால்வாய்த் தொகுதி இச்சபையின் சாதனை என்பதை மறுத்தல் ஆகாது. வாந்திபேதியால் மாண்டுகொண்டிருந்த நகருக்கு உயிர் கொடுத்த வேலை அது. ஆனால் நிலக் குத்தகைகள் தொடர்பான முறைகேடுகள் 1886இல் பத்திரிகைகளில் அம்பலமாகி, 1888இல் அரச ஆணைக்குழு விசாரணை நடைபெற்றபோது, சபையின் அதிகாரிகள் சிலர் குத்தகை பெற்றோரிடமிருந்து இரகசியமாகப் பணம் பெற்று வந்தமை நிரூபணமாயிற்று. சபையின் முடிவு நெருங்கியது.

அதன் கடைசி நாட்கள் வேடிக்கையானவை. புதிய கவுண்டிச் சபைக்கான தேர்தல் 1889 சனவரியில் நடந்து முடிந்திருந்தது. ஏப்பிரல் முதலாந் திகதி அதிகாரம் கைமாற வேண்டும். தேம்ஸ் நதியின் கீழாகப் பிளக்வோல் சுரங்கப் பாதையை அமைப்பதற்கான பெரும் ஒப்பந்தத்தைத் தனது இறுதிக் கூட்டத்திலேயே வழங்கிவிட்டுச் செல்லப் பழைய சபை தீர்மானித்தது. அதனைத் தமக்கு விட்டுவிடுமாறு புதிய சபையினர் எழுதிக் கேட்டும் பழைய சபை இணங்கவில்லை. புதியவர்கள் அரசாங்கத்தை நாடினர். அரசாங்கம் திகதியை முன்தள்ளி, மார்ச் 21ஆம் நாளன்றே பழைய சபையை இல்லாதொழித்தது. ஓர் ஆட்சி மன்றம் தன் வாழ்வின் கடைசி மூச்சை ஒரு கேள்விப்பத்திரத்துக்காகச் செலவிட்டு, அதனாலேயே பதினொரு நாள் முந்தி மாண்டது. அச்சுரங்கம் பின்னர் புதிய சபையின் காலத்தில் கட்டப்பட்டு 1897இல் திறக்கப்பட்டது.

ஊழல் ஒழிப்பு வரலாறாக மட்டும் இதனை எழுதுவோர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர்: கெட்டவர்கள் போயினர், நல்லவர்கள் வந்தனர், முறை சீர்பெற்றது. ஆனால் நேர்மையான கேள்விப்பத்திர முறையிலும் ஒரு சிக்கல் உண்டு என்பதைப் புதிய சபை விரைவிலேயே எதிர்கொள்ள நேர்ந்தது. ஒரு வடிகாலைக் கட்டுவதற்குப் பத்து ஒப்பந்தக்காரர் போட்டியிடுகின்றனர் என்று கொள்வோம். செங்கல், சீமெந்து, மரம் ஆகியவற்றை அவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே சந்தையில் ஒரே விலைக்கே வாங்க வேண்டும். ஒருவர் மற்றவரிலும் பார்க்கக் கணிசமாகக் குறைத்துக் கேட்க விரும்பினால், வேலையை ஒழுங்கமைக்கும் திறமையால் ஓரளவுக்குக் குறைக்கலாம். அதற்கப்பால் இரண்டு வழிகளே உள. ஒன்று, வேலையின் தரத்தில் கைவைப்பது. மற்றது, கூலியில் கைவைப்பது. கூலியே எளிதில் நெகிழத்தக்கது. வேலையற்றோர் வாயிலில் காத்து நிற்கும் ஒரு நகரத்தில் அது எவ்வளவு தூரத்துக்கும் நெகிழும். ஆகவே மிகக் குறைந்த கேள்வியை ஏற்கும் நேர்மையான சபை, தன்னையறியாமலே, மிகக் குறைந்த கூலி கொடுப்பவனுக்குப் பரிசு வழங்குகிறது. வரியிறுப்பாளன் மிச்சம் பிடித்ததாக மகிழும் பணம் கொத்தனின் வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

இந்த உண்மையைச் சபைக்கு உணர்த்தியது பொருளியல் நூலன்று. 1889 ஆகத்து, செத்தெம்பர் மாதங்களில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் நகரையே உலுக்கிற்று. அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஜோன் பேர்ண்ஸ், பற்றர்சீத் தொகுதியிலிருந்து கவுண்டிச் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்தவர்; தொழிலால் இயந்திரத் தொழிலாளி. தெருவில் நடந்த போராட்டத்துக்கும் சபா மண்டபத்தில் நடந்த விவாதத்துக்கும் இடையில் அவர் ஓர் உயிருள்ள பாலமாக விளங்கினார். இலண்டன் பாடசாலைச் சபையும் கவுண்டிச் சபையும் அதே ஆண்டில், தமது ஒப்பந்தக்காரர் நியாயமான கூலி கொடுத்தல் வேண்டுமென்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டன. 1891 பெப்ரவரி 13ஆம் நாள், சிட்னி பக்ஸ்ரன் முன்மொழிந்த நியாயக் கூலித் தீர்மானத்தைப் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபை நிறைவேற்றியது. அரசாங்க ஒப்பந்தங்களில், குறித்த தொழிலில் வழக்கிலுள்ள கூலியை உறுதிப்படுத்த முயல வேண்டுமென்றும், உபகுத்தகைக்கு விடுவதால் எழும் கேடுகளைத் தடுக்க வேண்டுமென்றும் அது கூறியது. 1892இல் முற்போக்குக் கட்சியினர் மீண்டும் பெரும்பான்மை பெற்றபின் கவுண்டிச் சபை மேலும் ஓர் அடி சென்றது. தொழிற்சங்கங்கள் ஏற்றுக்கொண்ட கூலி வீதங்களையும் வேலை நேரத்தையும் ஒப்பந்தப் பத்திரத்திலேயே பட்டியலாக இணைத்தது.

இது சிறிய மாற்றமன்று. ஒப்பந்தம் என்பது பூர்ஷ்வாச் சட்டவியலின்படி இரண்டு தரப்பாருக்கிடையே நிகழ்வது. இங்கு சபை ஒரு தரப்பு, முதலாளி மறு தரப்பு. வேலையைச் செய்யப்போகிறவன் அப்பத்திரத்தில் எங்குமே இல்லை. கூலிப் பட்டியலின் வழியாக அந்த மூன்றாமவன் முதன்முறையாகப் பத்திரத்துக்குள் நுழைகிறான். கையொப்பமிடும் உரிமை அவனுக்கு இன்னுமில்லை. ஆனால் அவனது விலை இனிப் போட்டிக்குரிய பொருளன்று.

இதன் எல்லைகளையும் மறைத்தல் கூடாது. சங்கமுள்ள தொழில்களுக்கே சங்கக் கூலி உண்டு. தச்சன், கொத்தன், குழாய்த் தொழிலாளி ஆகியோரைப் பட்டியல் காத்தது. வீட்டுக் கூடத்தில் இருந்தவாறு உடுப்புத் தைத்துக் கொடுத்த பெண்களுக்குச் சங்கமும் இருக்கவில்லை, வீதமும் இருக்கவில்லை. திறன்சார் தொழிலாளரின் மேற்படையே முதலில் பயன் பெற்றது. ஜோன் பேர்ண்ஸ் 1905இல் லிபரல் அமைச்சரவையில் இடம்பெற்றமையும் இந்த எல்லைகளோடு தொடர்பற்ற விடயம் அன்று.

முதலாளிகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? பற்றர்சீயில் யோர்க் வீதிக் கழிவுநீர்க் கால்வாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சபையின் பொறியியலாளர் அதற்கு 7,000 பவுண் மதிப்பிட்டிருந்தார். வந்த கேள்விப்பத்திரங்கள் இரண்டே. இரண்டும் 11,000 பவுணுக்கு மேற்பட்டவை. கூலியில் பிழிய முடியாத வேலைக்குப் போட்டியிடப் பலர் வரவில்லை; வந்தவர்கள் அதனை விலையில் ஏற்றினர். கேள்விப்பத்திர முறையின் இரு முகங்களும் இங்கு ஒருங்கே தெரிகின்றன: முதலாளிகள் போட்டியிட்டால் இழப்பவன் தொழிலாளி, அவர்கள் ஒதுங்கினாலோ ஒன்றுசேர்ந்தாலோ இழப்பவன் வரியிறுப்பாளன். சபை இரண்டு கேள்விகளையும் நிராகரித்து, தானே ஆட்களை அமர்த்தி, தானே பொருட்களை வாங்கி அந்தக் கால்வாயைக் கட்டி முடித்தது. கேட்கப்பட்ட தொகையிலும் பார்க்கச் செலவு மிகக் குறைவாகவே வந்தது. பேபியன் அறிஞரும் சபை உறுப்பினருமாகிய சிட்னி வெப் இக்கால்வாயைத் தம் எழுத்துக்களில் பெருமையோடு எடுத்துக்காட்டினார். 1892இன் இறுதியில் சபை தனக்கென ஒரு வேலைப் பகுதியை நிறுவியது. ஒப்பந்தக்காரன் என்ற இடைத்தரகனை அகற்றுவதே அதன் நோக்கம்.

வேலைப் பகுதியின் வீழ்ச்சியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனை ஒரு மோசடிக் கதையாகவே கூறுவர். 1896இல், கணக்குப் புத்தகங்களில் பொய்ப் பதிவுகள் இடப்பட்டிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. நட்டத்தில் முடிந்த வேலைகளின் செலவை, மிச்சம் காட்டிய வேலைகளின் கணக்குக்கு அதிகாரிகள் மாற்றி எழுதியிருந்தனர். ஒரு கட்டிடத்துக்குச் சென்ற பொருள் மற்றொரு கட்டிடத்தின் பெயரில் பதியப்பட்டது. எதிர்க்கட்சியினருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இதைவிடச் சிறந்த ஆயுதம் கிடைத்திருக்க முடியாது. பொதுத் துறை என்றாலே ஊழலும் திறமையின்மையும்தான் என்ற இன்றுவரை கேட்கும் பல்லவிக்கு அது ஆரம்பகால ஆதாரங்களுள் ஒன்றாயிற்று.

ஆனால் அதிகாரிகள் ஏன் அவ்வாறு செய்தனர் என்பதே வரலாற்று வினா. செலவை ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு மாற்றுவதால் மொத்தத் தொகை மாறுவதில்லை. பின் எதற்காக இந்தச் சிரமம்? விடை, வேலைப் பகுதி மதிப்பிடப்பட்ட விதத்தில் உள்ளது. ஒவ்வொரு வேலைக்கும் சபையின் கட்டிடக் கலைஞரோ பொறியியலாளரோ ஒரு மதிப்பீட்டைத் தயாரிப்பார். வேலைப் பகுதி அந்தத் தொகைக்கு வேலையை ஏற்கும். முடிந்தபின் உண்மைச் செலவு மதிப்பீட்டோடு ஒப்பிடப்பட்டு இலாபம் அல்லது நட்டம் என அறிக்கையிடப்படும். அதாவது ஒப்பந்தக்காரன் அகற்றப்பட்டான். ஆனால் அவனது கணக்கேடு அதே மேசையில் கிடந்தது. ஒவ்வொரு கால்வாயும் ஒவ்வொரு தீயணைப்பு நிலையமும் இல்லாத ஒரு முதலாளியோடு நடத்தப்பட்ட கற்பனைப் போட்டியில் தனித்தனியே வெல்ல வேண்டியிருந்தது. உண்மையில் கட்டிட வேலை அவ்வாறு இயங்குவதில்லை. மண் ஓரிடத்தில் இறுகும், மற்றோரிடத்தில் இளகும்; ஒரு மாதம் மழை பெய்யும். தனியார் ஒப்பந்தக்காரனும் சில வேலைகளில் நட்டப்பட்டுச் சிலவற்றில் ஈடுசெய்கிறான். ஆனால் அவனது நட்டம் அவனது இரகசியம். எந்தப் பத்திரிகையும் அவனது கணக்கைத் திறக்கச் சொல்வதில்லை. பொது நிறுவனத்தின் நட்டம் மட்டும் பகிரங்கச் சொத்து.

பொய்க் கணக்கு எழுதியவரை நாம் நியாயப்படுத்தவில்லை. மக்களுக்குரிய நிறுவனமொன்றில் பொய் எழுதியவர், எதிரிக்கு வேண்டியதையே செய்தவராவார். எனினும் அந்தப் பொய்யின் வடிவம் கவனிக்கத்தக்கது: திருடிய பணத்தை மறைக்க எழுதப்பட்டதாக அல்ல, போட்டியில் தோற்காததுபோல் காட்டிக்கொள்ளவே அது எழுதப்பட்டது. வெப் முதலானோரின் குறைபாடும் இங்கேதான் உள்ளது. மக்கட் பணத்தின் மிச்சத்தை முதல் வாதமாக முன்வைத்து அவர்கள் பொது வேலை முறையை ஆதரித்தனர். மிச்சம் என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டபின், ஒரு வருடம் மிச்சம் இல்லாதபோது சொல்ல எதுவும் எஞ்சவில்லை. கூலி, தரம், நிரந்தர வேலை ஆகிய பிற அளவுகோல்கள் இரண்டாம் இடத்துக்கே தள்ளப்பட்டிருந்தன.

சீர்திருத்தப்பட்ட வேலைப் பகுதி மேலும் பத்தாண்டுகள் இயங்கியது. 1907ஆம் ஆண்டுத் தேர்தலில் மிதவாதிகள் நகராட்சிச் சீர்திருத்தக் கட்சி என்ற புதுப் பெயருடன் வந்தனர். "எங்களுக்கு வேண்டியது உங்கள் பணமே" என்று முரட்டு மனிதனொருவன் விரல் நீட்டிக் கூறும் சுவரொட்டி நகரெங்கும் ஒட்டப்பட்டது. அம்முரடன்தான் முற்போக்குக் கட்சியாம். முற்போக்கினர் படுதோல்வியடைந்தனர். 1909இல் வேலைப் பகுதி மூடப்பட்டது.

அதே ஆண்டுகளில், இலண்டனுக்குத் தெற்கே ஹேஸ்ரிங்ஸ் என்ற கடலோர நகரில், வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் இரவுகளில் ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். றொபேட் ட்றெசல் என்ற புனைபெயர் கொண்ட றொபேட் நூனன், 1911இல் லிவர்பூலில் காசநோயால் இறந்தார். 'கந்தல் காற்சட்டைக் கொடைவள்ளல்கள்' என நாம் தமிழிற் கூறத்தக்க அந்த நாவல் 1914இல் வெட்டிக் குறுக்கப்பட்டு வெளிவந்தது. முழு வடிவம் 1955இலேயே அச்சேறியது. ஆணைக்குழு அறிக்கைகளும் வெப்பின் கட்டுரைகளும் மேசைக்கு மேலிருந்து காட்டிய கேள்விப்பத்திர முறையை, ஏணியின் உச்சியிலிருந்து காட்டிய நூல் இது. அதில் வரும் மக்ஸ்பரோ நகரசபையில் வணிகர்களும் ஒப்பந்தக்காரரும் தாமே உறுப்பினராய் அமர்ந்திருக்கின்றனர். தமது நட்டப்பட்ட மின்விளக்குக் கம்பனியை நகரத்தின் தலையில் கட்டிவிடுகின்றனர். கடற்கரைக் கடையை அற்ப வாடகைக்குத் தம்முள் ஒருவருக்கே கொடுக்கின்றனர். இவை நகைச்சுவையாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் நாவலின் பெரும்பகுதி இந்தக் கொள்ளையைப் பற்றியதன்று. குறைந்த விலைக்குப் பெறப்பட்ட வேலை கீழிறங்கி வரும்போது என்ன ஆகிறது என்பதே அதன் பொருள். மூன்று பூச்சுக்கு ஒரு பூச்சு. பழைய வர்ணத்தைச் சுரண்டாமலே மேற்பூச்சு. மெதுவாகச் செய்யும் முதியவனுக்கு வேலை நீக்கம். பில்பொற் என்ற வயோதிபத் தொழிலாளி, ஏணியைத் தூக்கும் கயிறு அறுந்து இறக்கிறான். கயிறு நைந்துவிட்டதென்று தொழிலாளர் முன்பே கூறியிருந்தனர். புதுக்கயிறு வாங்கப்படவில்லை.

நம்மூரிலும் அவசரமாக, அக்கறையின்றிச் செய்த வேலையைக் 'கொந்தராத்து வேலை' என்பர். பேச்சு வழக்கில் விழுந்த இந்த இகழ்ச்சி, ஒரு பொருளியல் முறைமையை மக்கள் தம் அனுபவத்தால் மதிப்பிட்டதன் விளைவு. ஆனால் இகழ்ச்சி பெரும்பாலும் வேலை செய்தவன் மீதே சென்று விழுகிறது. ட்றெசலின் சிறப்பு, அதனை உரிய இடத்துக்குத் திருப்பி அனுப்பியமை. தரங்கெட்ட வேலையைச் செய்ய நேர்ந்த கைவினைஞனின் அவமானத்தை இவ்வளவு கூர்மையாக எழுதியவர் ஆங்கில நாவலாசிரியருள் வேறெவருமிலர் என்பது நமது கருத்து.

கூலியைச் சபையே தீர்மானிக்கலாமா என்ற வழக்குப் பின்னரும் தொடர்ந்தது. கிழக்கு இலண்டனின் பொப்லர் சபை 1920இல் தன் ஊழியருக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, வாரத்துக்கு 4 பவுண் என்ற குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. மாவட்டக் கணக்காய்வாளர் அதில் 5,000 பவுணை மிகைச் செலவெனத் தள்ளி, உறுப்பினர்களே அதனைச் செலுத்த வேண்டுமெனப் பணித்தார். 1925இல் பிரபுக்கள் சபை நீதியரசர்கள் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர். சந்தைக் கூலிக்கு மேற்பட்டது கூலியன்று, தருமம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கவுண்டிச் சபையின் பழைய கணக்கேடு 1980இல் சட்ட வடிவம் பெற்று மீண்டும் வந்தது. தட்சரின் அரசாங்கம் நிறைவேற்றிய உள்ளூராட்சி, திட்டமிடல், நிலச் சட்டம், சபைகளின் நேரடி வேலைப் பகுதிகள் கட்டிட, பராமரிப்பு வேலைகளுக்குத் தனியாரோடு போட்டியிட வேண்டும், தனித்தனி வணிகக் கணக்கு வைக்க வேண்டும், மூலதனத்தின்மீது குறித்த வீத வருவாயைக் காட்ட வேண்டும் என விதித்தது. 1896இன் கற்பனை ஒப்பந்தக்காரன் இப்போது சட்டப் புத்தகத்தில் குடியேறினான். 1983இல் பாராளுமன்றத்தின் நியாயக் கூலித் தீர்மானம் நீக்கப்பட்டது. 1986இல், கவுண்டிச் சபையின் வாரிசான பாரிய இலண்டன் சபையே கலைக்கப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் குப்பை அள்ளல், துப்புரவு, பாடசாலை உணவு ஆகியவற்றுக்கும் கட்டாயப் போட்டியை விரிவாக்கியதோடு, ஒப்பந்தம் வழங்கும்போது தொழிலாளரின் வேலை நிபந்தனைகளைக் கருத்திற் கொள்வதை வணிகஞ்சாரா விடயம் எனத் தடையும் செய்தது. பத்திரத்துக்குள் நுழைந்திருந்த மூன்றாமவன் சரியாக 99 ஆண்டுகளின் பின் வெளியேற்றப்பட்டான். கட்டாயப் போட்டி 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. சமூகப் பயனைக் கருத்திற் கொள்ள வேண்டுமென 2012இல் ஒரு சட்டம் வந்தது. ஆயினும் விலை குறைக்கும் பழக்கம் ஒரு தலைமுறையின் நிர்வாகப் பண்பாடாகவே ஊறிவிட்டிருந்தது.

அப்பண்பாடு எங்கே கொண்டு சென்றது என்பதற்கு இலண்டனின் கென்சிங்ரன், செல்சி மாநகரப் பிரிவுச் சபைக்குரிய கிறென்பெல் கோபுரத்தின் வரலாறு சாட்சி. 1974இல் கட்டி முடிக்கப்பட்ட 24 மாடி உழைப்பாளர் குடியிருப்பு அது. செல்வந்தர் நிறைந்த அப்பிரிவில் அதன் புதுப்பித்தல் வேலைக்குக் கேள்வி கோரப்பட்டது. கேள்விகளின் முடிவு அறிவிக்கப்படுமுன்னரே, முன்னணியில் நின்ற ஒப்பந்தக்காரரோடு குடியிருப்பு முகாமை அமைப்பினர் விலையை மேலும் குறைப்பது பற்றித் தனியே பேசினர். வெளிச்சுவர்ப் போர்வைக்கு முதலில் கருதப்பட்டது துத்தநாகத் தகடு. அதற்குப் பதிலாக, பொலித்தீன் உட்பொருள் கொண்ட மலிவான அலுமினியக் கலப்புத் தகடு பொருத்தப்பட்டது. மிச்சம் ஏறத்தாழ 300,000 பவுண். 2017 யூன் 14ஆம் நாள் அதிகாலையில் நான்காம் மாடிச் சமையலறையொன்றில் எழுந்த தீ, அந்தத் தகடுகளின் வழியே கோபுரத்தின் உச்சிவரை ஏறியது. 72 பேர் இறந்தனர். விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செத்தெம்பரில் வெளிவந்தது. பொருள் உற்பத்தியாளரின் நேர்மையின்மை, அரசின் அசட்டை, கட்டிடக் கலைஞர், ஒப்பந்தக்காரர், முகாமை அமைப்பு, சபை என ஒவ்வொருவரின் பொறுப்பையும் அது பக்கம் பக்கமாக வரிசைப்படுத்துகிறது.

கோபுரத்தில் வாழ்ந்தோர் தீ விபத்துப் பற்றிப் பல ஆண்டுகளாகவே எச்சரித்து எழுதி வந்திருந்தனர்.